கை நனைக்காத அக்கா

டிவியில் எங்கேயோ காடு எரிகிறது என்று காட்டினால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அம்மாவுக்கு நெருப்பென்றால் பயம் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். ஆயுசு பூராவும் கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு நெருப்பில் என்ன பயம்? எனக்கு இருப்பது வெட்கம். அது என்ன வெட்கம் என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் இந்த வயதிலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவது வரை படித்தவள், எழுதத்தான் தெரியும். அதனால் எழுதிவைக்கிறேன்.

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டின் பின்பக்கத்து ஒற்றை அறையில் ஒரு அக்கா குடியிருந்தார். பேர் வேண்டாம். தெருவுக்கு அவர் மலேசியாக்கா. துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, கல்யாணமான சூட்டோடு புருஷன் பின்னால் மலேசியாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவர். புருஷன் அங்கேயே செத்துப்போனார். மகன் அங்கேயே தங்கிவிட்டான். அக்கா மட்டும் தலை நரைத்த பிறகு தனியாகத் திரும்பி வந்தார். ஊரில் சொந்தம் பந்தம் யாரும் வா என்று சொல்லாததால் திருச்சியிலேயே இறங்கிவிட்டேன் என்பார்.

நான் அப்போது கல்யாணச் சீருக்குக் கைமுறுக்கு சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் போன பிறகு கடைசிப் பெண்ணோடு அதில்தான் பிழைத்தோம். அக்கா குடிவந்த வாரமே, சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று வந்து, மாவைக் கையில் வாங்கினார். கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் மாவைத் திருகித் திருகி வெள்ளைத் துணியில் வட்டமாக விடவேண்டும். பழகாதவர்களுக்கு அது வராது, பிய்ந்து பிய்ந்து போகும். அக்காவுக்கு இரண்டு நாளில் வந்துவிட்டது. தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கிப் பொறுக்கி விரல் பழகிவிட்டது என்றார். என்ன பழம் என்று நான் கேட்கவில்லை. ஆப்பிள், ஆரஞ்சு என்று நானே நினைத்துக்கொண்டேன்.

என் அடுப்படியில் எத்தனையோ கல்யாணத்து முறுக்கு அந்தக் கையால் சுற்றப்பட்டது. ஒரு முறுக்கு, ஒரு துண்டு, அவர் வாயில் போட்டு நான் பார்த்ததில்லை.

உப்பு பார்க்கச் சொன்னால் ஒடித்துக் காதருகில் வைத்துக் கேட்பார். "நல்லா வந்திருக்கு" என்பார். உப்பு சத்தம் போடுமா அக்கா என்று என் பெண் கேலி செய்வாள். உங்கள் ஊர் உப்பு போடும் என்பார் அக்கா. இப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசியே தட்டைத் தள்ளிவைத்துவிடுவார்.

முதல் முதலாக அது எனக்கு உறைத்தது ஒரு கீரைக்காரியால். அக்கா குடிவந்த அன்று வடையும் பாயசமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் தட்டு இரண்டு வாழைப்பழத்தோடு திரும்பி வந்தது. வெறும் தட்டைத் திருப்பித் தராத மனுஷி என்று சந்தோஷப்பட்டேன். அன்றைக்கே கீரைக்காரி கூடையை இறக்கிவைத்து, "உங்க வடை நல்லா மொறுமொறுன்னு இருந்துச்சும்மா. உங்க வீட்டு மலேசியாம்மா கொடுத்தாங்க" என்றாள். முளைக்கீரைக்கு விலை பேசவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

நாங்கள் என்ன ஆட்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்குமுன் ஒரு நொடி யோசிக்கிறவர்கள் உண்டு, அது போதும். அந்த ஒரு நொடியைப் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். யார் எதை வேண்டாம் என்றாலும் எங்களுக்கு முதலில் தோன்றுவது அதுதான். அக்கா எங்களைவிட இரண்டு படி மேலே பிறந்தவர். அவர் சொல்லவில்லை. ஊர்ப்பேர் சொன்னதும் தெரு கண்டுபிடித்துவிட்டது.

எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்க் கை நனைக்காமல் வருவது சின்ன விஷயம் இல்லை. பகையாளிதான் அப்படிப் போவான், இல்லாவிட்டால் சாதி பார்க்கிறவன். அக்கா எங்கள் வீடு மட்டுமல்ல, தெருவில் எந்த வீட்டிலும் கை நனைத்ததில்லை. காதுகுத்துக்கு முதல் ஆளாகப் போவார், தண்ணீர் குடிப்பார், வெற்றிலை பாக்கும் பழமும் எடுத்துக்கொள்வார், பந்தி போடும் நேரம் ஆளைக் காணாது. வெற்றிலை வாங்குகிறாரே, தண்ணீர் குடிக்கிறாரே, சாதி பார்க்கிறவர் அதைச் செய்வாரா என்று ஒருநாளும் நான் யோசிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி குழாயடியில் என்னைப் பார்த்தால் விடமாட்டாள். "உன் முறுக்கு ஊருக்கெல்லாம் ஆகுது, உன் வீட்டுக் குடித்தனக்காரிக்கு மட்டும் ஆகலையா?" என்பாள். நான் குடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இதே பழக்கம் ஸ்ரீரங்கத்தில் அவருக்கு மரியாதை வாங்கிக் கொடுத்த கூத்தும் நடந்தது. உத்தர வீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சீர்முறுக்கு கொண்டுபோனோம். டின்களை இறக்கிவிட்டு ஓரமாக நின்றோம். மண்டபத்து மாமி ஒருத்தி, வெயிலில் வந்திருக்கிறீர்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள். நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். அக்கா கைகூப்பி, வெளியில் சாப்பிடுவதில்லை என்றார். மாமி ஒரு அடி பின்னால் போய் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பேஷ். இந்தக் காலத்துல இப்படி ஆசாரமா இருக்கேளே" என்று சொல்லி, தட்டில் வைத்து ரவிக்கைத்துணியும் பழமும் கொடுத்தாள். எனக்கும் பசி. அக்கா சாப்பிடாதபோது நான் எப்படி உட்காருவது? அவருக்குக் கிடைத்த ரவிக்கைத்துணியை நான் சுமந்துகொண்டு பட்டினியாக பஸ் ஏறினேன். காவிரிப் பாலம் தாண்டும்வரை அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே மாமி மெச்சியது எதை, இங்கே என்னைக் குத்துவது எது, இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன்.

ஒரு பிள்ளையார் சதுர்த்தி அன்று மட்டும் என்னைத் தடுமாற வைத்தார். வடையும் சுண்டலும் கொழுக்கட்டையும் கொண்டுபோனேன், வழக்கம்போலக் கீரைக்காரிக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு. அக்கா என் கண்ணெதிரிலேயே கொழுக்கட்டையை எடுத்துத் தின்றார். இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டு வாங்கித் தின்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வடையைத் தொடவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்து, பிள்ளையாருக்குப் பயந்து தின்றிருக்கிறாள் என்று முடிவுகட்டினேன். ஆவியில் வெந்தது ஒன்று, எண்ணெயில் பொரிந்தது ஒன்று என்று பிரித்துப் பார்க்கும் புத்தி எனக்கில்லை. பிறந்ததிலிருந்து ஒரே பதிலைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறவளுக்கு வேறு பதில் எப்படித் தோன்றும்?

இன்னொரு பழக்கமும் இருந்தது. டின்னிலிருந்து பாமாயில் ஊற்றும்போது ஒரு சொட்டு தரையில் சிந்தினாலும் அக்காவுக்குப் பொறுக்காது. கொஞ்சம் மாவைத் தூவி, ஒற்றி எடுத்து, அடுப்புப் பற்றவைக்க வைத்துக்கொள்வார். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றவிடமாட்டார். ரேஷனில் கிடைக்கிற எண்ணெய்க்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்டேன். இது ரொம்ப விலையில் வந்த எண்ணெய் என்றார். மலேசியாவில் விலை ஜாஸ்தி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பிறகு என் பெண்ணுக்கு வரன் வந்தது. துறையூர்க்காரர்கள், எங்கள் ஆட்கள்தான், ஆனால் தலை நிமிர்ந்தவர்கள். மாப்பிள்ளை அரசாங்க வேலை. அவனுடைய அத்தை ஊரில் முன்னால் நிற்கிற பொம்பளை. எந்தக் கடையிலும் தனி டம்ளர் வைக்கவிடாமல் சண்டைபோட்டவள் என்று சொன்னார்கள். என் பெண்ணுக்குப் பையனைப் பிடித்துப்போய்விட்டது. எனக்குத் தெரியாமல் போனில் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும். பரிசம் போடுகிற நாளில் அவள் முகத்தைப் பார்த்தபோது, இது நடக்காவிட்டால் இவள் தாங்கமாட்டாள் என்று என் வயிறு சொல்லியது.

தட்டு மாற்றியாயிற்று. பந்தி போட்டோம். அக்கா காலையிலிருந்து ஓடியாடி வேலை செய்தவர், அன்றைக்கு மட்டும் மறைய முடியவில்லை. யாரோ அவரையும் இலை முன்னால் இழுத்து உட்காரவைத்துவிட்டார்கள். எல்லோரும் சாப்பிடுகிறார்கள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்வரிசையில் இருந்த அத்தை பார்த்துவிட்டாள்.

அந்தம்மா ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். நான் சாம்பார் வாளியோடு நின்றேன். எனக்கு முன்னால் எதிர்வீட்டுக்காரி சொல்லிவிட்டாள்:

"அவங்க இந்த வீட்டில கை நனைக்கமாட்டாங்க. எப்பவுமே அப்படித்தான். அவங்க வேற ஆளுங்க."

அத்தை சாதத்திலிருந்து கையை எடுத்தாள். அவள் எடுத்ததும் அந்த வரிசையே எடுத்தது. அவள் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஏங்க, உங்க வீட்டுக்குள்ளயே குடிவெச்சிருக்கீங்க. உங்க சோறு அவங்களுக்கு ஆகாது. அவங்களுக்கு இலையும் போடுறீங்க. நாங்க இதுக்குத்தான் ஊர்ல மல்லுக்கு நிக்கிறோம். மானத்தை விட்டுக்கொடுத்த வீட்டில நாங்க எப்படிங்க பொண்ணெடுக்கிறது?"

அவள் இலையின் மேல்பாதியைப் பிடித்துவிட்டாள். மடித்தால் எழுந்துவிடுவாள். எழுந்தால் வேன் ஏறிவிடுவார்கள். என் பெண் உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவேண்டியது நான். என் நாக்கு எழவில்லை. சொல்லவும் என்ன இருக்கிறது? அத்தை கேட்டது எல்லாம் நான் இத்தனை நாள் எனக்குள் கேட்டதுதான். நான் அக்காவைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கடன்பட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

அக்கா ஒருதரம் என் பெண் நின்ற பக்கம் திரும்பினார். பிறகு இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"காலையிலிருந்து வேலை, பசியே மறந்துபோச்சு. ஏம்மா, வாளியை வெச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, ஊத்துங்க" என்றார்.

சாப்பிட்டார். அத்தை பார்த்துக்கொண்டிருக்க, வடையைப் பிட்டு, அப்பளத்தை நொறுக்கி, பொரியலைப் பிசைந்து சாப்பிட்டார். முறுக்கையும் தின்றார். இரண்டாவது வடை கேட்டு வாங்கினார். மென்று மென்று, தண்ணீர் குடித்துக் குடித்து, எதையும் மிச்சம் வைக்கவில்லை. அத்தை இலையிலிருந்து கையை எடுத்து, எதிர்வீட்டுக்காரியைப் பார்த்து, உனக்கு வாய்தான் நீளம் என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பந்தி நடந்தது. நாள் குறித்துக்கொண்டு வேன் ஏறினார்கள்.

எனக்கு அப்போது எப்படி இருந்தது என்பதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். மனசு குளிர்ந்துபோயிருந்தது. கல்யாணம் நின்றுபோகாததற்கு மட்டும் இல்லை. கடைசியில் என் வீட்டில் கை நனைத்தாளே என்று.

வேன் போனதும் பின்பக்கம் போனேன். அக்கா துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். வாய் கொப்பளித்திருந்தார், முகம் வெளுத்திருந்தது. நன்றி சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "நனைச்சாச்சேக்கா. எங்க வீட்டுச் சோறும் சோறுதான்னு இப்பவாவது தெரிஞ்சுதா?" என்றேன். நாலு பேர் முன்னால் எழாத நாக்கு அங்கே மட்டும் நன்றாக எழுந்தது.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அப்படியா நினைச்சிருந்தீங்க தங்கச்சி? இத்தனை வருஷமுமா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அந்தக் கேள்வியை எங்களில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

அப்புறம்தான் சொன்னார். அவர் பொறுக்கிய பழம் செம்பனைப் பழம். அதைப் பிழிந்துதான் என் டின்னில் இருக்கிற எண்ணெய். கல்யாணமாகிப் போனபோது தோட்டம் பாதிதான் இருந்ததாம், மீதி காடு. நம் பச்சைமலைக் காடுமாதிரி இல்லை, நடுமத்தியானம் உள்ளே போனால் விளக்குவைத்த நேரம்போல இருக்கும் என்றார். மழை பிடித்தால் மேலே சத்தம் கேட்கும், வெற்றிலை போட்டு மென்று முடிக்கிற நேரம் கழித்துத்தான் முதல் சொட்டு தலையில் விழும். இலைமேல் இலையாக அத்தனை அடுக்கு. ஓடைத் தண்ணீரில் கால்விரல் நகம் தெரியும்.

தோட்டத்தைப் பெரிசாக்க அதை வெட்டிச் சாய்த்து எரித்தார்கள். அக்காவும் மற்றப் பெண்களும் பின்னாலேயே போய் வரிசையாகக் குச்சி நட்டுக் கன்று வைத்தார்கள். செருப்புக்குள் சாம்பல் சுட்டது. அடுத்த மழை நேராக மண்ணில் விழுந்தது, ஓடை தேத்தண்ணி நிறமாகிவிட்டது. ஒரே ஒரு மரத்தை மட்டும் விட்டார்கள். ஆகாசம் தொடுகிற மரம், கிளை கிளையாகத் தேன்கூடு தொங்கும், அதைத் தொட்டால் ஆகாது என்று அந்த ஊர்க்காரர்கள் பயந்தார்கள். அடுத்த பூக்காலத்துக்குத் தேனீக்கள் வழக்கம்போல அந்த மரத்தைத் தேடி வந்தன. மரம் இருந்தது. சுற்றிப் பூக்க ஒரு செடி இல்லை.

"தோட்டத்துக்காரங்க கட்டிக் கொடுத்த லயத்து வீட்டுக்குள்ள வந்துச்சுங்க. சக்கரை டப்பா, பிள்ளை குடிச்ச பால் டம்ளர், எல்லாத்திலயும். கொட்டவே இல்ல. பசி. வீடு தேடிப் பசியோட வந்ததுங்களை நான் துடைப்பத்தால அடிச்சேன். கூட்டி அள்ளினா முறம் கொள்ளல."

மறுவருஷம் வரவில்லை. அந்த மரமும் தனியாக நின்று வெயில் தாங்காமல் காய்ந்துபோயிற்று.

காடுதானே அக்கா, விட்டால் திரும்ப முளைக்காதா என்றேன். வேலிக்கருவை முளைக்கும், அது முளைக்காது என்றார். அவருக்கு யார்மேலும் கோபம் இல்லை. அந்தக் கூலியில்தான் பிள்ளையை வளர்த்தேன், இன்றைக்கும் அவன் அந்தப் பழம் ஏற்றுகிற லாரிதான் ஓட்டுகிறான், பனைமரம் என்ன பாவம் செய்தது, நான் யாரைக் குற்றம் சொல்வது என்றார். அதனால் யாரிடமும் சொல்வதில்லையாம். அந்த எண்ணெயை மட்டும் வாயில் வைப்பதில்லை என்று இருந்துவிட்டாராம். எந்தக் கல்யாணத்தில், எந்த வீட்டில் இப்போது அது இல்லை? கேட்டால் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கதை சொல்லவேண்டும். விசேஷ வீட்டில் அந்தக் கதை எதற்கு என்று பந்திக்கு முன்னால் எழுந்து போய்விடுவாராம்.

அதைத்தான் அவர் என் பெண்ணுக்காக வழித்துத் தின்றார். இரண்டாம் வடை கேட்டு வாங்கி.

கல்யாண முறுக்குக்கு அடுத்த வாரம் அடுப்பு மூட்டினோம். துறையூருக்கே அனுப்பவேண்டிய சீர், டின் டின்னாக. எனக்கு மனசு கேட்கவில்லை. செக்குக்குப் போய்க் கொஞ்சம் கடலை எண்ணெய் வாங்கி வந்து, அக்கா குளிக்கப் போன நேரம் சின்ன வாணலியில் தனியாக நாலு முறுக்கு போட்டேன். நல்ல எவர்சில்வர் தட்டில் வைத்து எடுத்துப் போனேன்.

"கடலை எண்ணெய்க்கா. செக்குல ஆட்டினது. இதை நீங்க தைரியமா சாப்பிடலாம்."

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே தட்டைப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் வரும் என்று நின்றேன்.

"மத்ததெல்லாம் எதுல போடுறீங்க?"

"டின்னுலதான்."

"எனக்கு மட்டும் இதுவா?"

நான் தலையாட்டினேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. என் தோளைத் தொட்டு, குழந்தையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"எனக்கு வேற எண்ணெய் வேணும்னா நானே காய்ச்சிக்க மாட்டேனா, தங்கச்சி? நான் எனக்காகவா விட்டேன்? உள்ள போங்க, மாவு காயுது."

தட்டோடு உள்ளே வந்தேன். பெரிய வாணலியில் பாமாயில் புகைய ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் உடைக்காத டின்கள். எல்லாவற்றையும் கடலை எண்ணெயில் போட எனக்கு வழியில்லை. நிறுத்திவிடவும் முடியாது, பெண்ணை நல்லபடி அனுப்பவேண்டும். அக்கா பின்னாலேயே வந்து பலகையைப் போட்டு உட்கார்ந்தார். துணியை விரித்து, மாவைத் திருகி, சுற்றுக்குமேல் சுற்றாக விட்டு, ஒரு முறுக்கை அலுங்காமல் எடுத்து என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கி எண்ணெயில் போட்டேன்.